தும்மினால் சொட்டுகிறதா? பிசியோவிடம் போகும் முன்

இருமினால், தும்மினால், குனிந்து குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது என்று வருகிறவர்களில் பலர் முதலில் சொல்வது இதுதான்: "கெகல் எல்லாம் செஞ்சு பாத்துட்டேன் மேடம், ஒண்ணும் பிரயோஜனம் இல்ல." கெகல் என்பது இடுப்பின் அடித்தசையை இறுக்கி விடும் பயிற்சி. செய்து காட்டுங்கள் என்பேன். முகம் சிவக்கும், மூச்சு நிற்கும், பிட்டம் இரண்டும் கல்லாகும். வேலை செய்யவேண்டிய தசை மட்டும் சும்மா கிடக்கும்.

அந்தத் தசை எங்கே இருக்கிறது? முன்னால் அந்தரங்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை கட்டிய தூளி மாதிரி. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல்தான் இருக்கின்றன. ஆண்களுக்கும் உண்டு, புராஸ்டேட் அறுவை முடிந்து கசிவோடு வரும் ஐயாக்களுக்கும் கிட்டத்தட்ட இதே சிகிச்சைதான்.

போவதற்கு முன் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள். எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை முறை போனீர்கள், எப்போது கசிந்தது. நாள்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். அளவுக்கு, கோடு போட்ட பழைய பிளாஸ்டிக் குவளை. லெக்கிங்ஸ் வேண்டாம், தளர்வான பருத்தி உடையில் வாருங்கள். முக்கியமாக, அறைக்குள் தனியாக வாருங்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மலச்சிக்கலைப் பற்றிக்கூட உண்மை வராது, தாம்பத்தியத்தில் வலிக்கிறதா என்ற கேள்விக்கு எங்கே வரப்போகிறது?

முதல் நாள் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி பேச்சுதான். எத்தனை பிரசவம், ஆயுதம் போட்டு எடுத்தார்களா, தையல் போட்டார்களா, நாள்பட்ட இருமல் உண்டா என்று கேட்பார்கள். சிசேரியன்தானே என்று அலட்சியம் வேண்டாம். பத்து மாதம் சுமந்த பாரம் அந்தத் தூளிக்கும் தெரியும்.

பிறகு பரிசோதனை. கையுறை போட்டு, வழுக்கும் ஜெல் தடவி, ஒரு விரலை யோனிக்குள் வைத்து, "இறுக்குங்கள், விடுங்கள்" என்பார்கள். தசையின் பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். மகப்பேறு மருத்துவர் வைக்கும் உலோகக் கருவி இதற்குத் தேவையில்லை. வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம், பாதியில் நிறுத்தச் சொல்லலாம். திருமணமாகாதவர்களுக்கும் பயப்படுகிறவர்களுக்கும் வெளியிலிருந்து பார்த்தோ, வயிற்றின்மேல் ஸ்கேன் கருவி வைத்தோ கணிக்க வழி உண்டு. உங்கள் சம்மதம் கேட்காமல் கை வைக்கும் இடம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது எல்லாரும் தடுமாறும் இடம். கெகல் என்ற பெயர் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நல மருத்துவருடையது. 1948-இல் அவர் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியபோது, உள்ளே வைத்து அழுத்தத்தை அளக்கும் கருவி ஒன்றையும் பயன்படுத்தினார். சரியாக இறுக்குகிறோமா என்று பெண்ணுக்கே தெரியும். நாம் கருவியை விட்டுவிட்டுப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கருவி இல்லாமல் கண்டுபிடிக்க நான் சொல்லித்தரும் வழி இது. முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். கூடத்தில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், உங்களுக்குக் காற்று பிரியப் பார்க்கிறது. அடக்குங்கள். அந்தப் பிடிப்பை அப்படியே முன்பக்கம் கொண்டுவந்து, உள்ளே மேலே இழுங்கள். யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் துணியின்மேல் ஒரு விரலை வையுங்கள். அந்த இடம் விரலைவிட்டு உள்ளே விலகினால் சரி. விரலை வெளியே தள்ளினால் நீங்கள் முக்குகிறீர்கள்; கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்களுக்கு அது கெடுதல். மூச்சைப் பிடிக்கிறீர்களா என்று பார்க்க, ஒன்று இரண்டு என்று வாய்விட்டு எண்ணுங்கள். மூச்சுப் பிடித்தவருக்குக் குரல் வராது. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்லும் வீடியோக்களை மூடிவிடுங்கள். மூத்திரப்பை முழுதும் காலியாகாமல் போகப் பழகிவிடும்.

இறுக்கியதை விடுவதும் பாதி வேலை. எவ்வளவு நேரம் பிடித்தீர்களோ அவ்வளவு நேரமாவது விடவேண்டும். சிலருக்குச் சிக்கலே தசை எப்போதும் விறைத்திருப்பதுதான்: உறவில் வலி, சிறுநீர் தொடங்கவே தாமதம், முக்கினாலும் வராத மலம். இவர்கள் கெகல் செய்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய். இவர்களுக்கு வயிறு விம்மும்படி மூச்சை இழுத்து, கீழே தளரவிடும் பயிற்சிதான் முதலில். யோகா வகுப்பில் இதே தசையை இறுக்கும் மூலபந்தம் கற்றவர்களும் இறுக்கத்தில் கெட்டிக்காரர்கள், விடுவதில் தடுமாறுவார்கள். உங்களுக்கு எது என்று சோதித்துப் பார்த்தவர்தான் சொல்லமுடியும்.

தசை பலவீனம்தான் என்றால் வீட்டுப்பாடம் சுலபம். ஒரு வேளைக்கு 8 முறை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பிடிக்க முடிவது 3 நொடிதான் என்றால் 3 நொடியே போதும். 10-ஐ நோக்கி மெல்ல ஏறலாம். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது செய்யுங்கள். தனியாக நேரம் ஒதுக்குகிறேன் என்றவர்கள் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. தும்மல் வருகிறதா, வருவதற்கு ஒரு கணம் முன்பே இறுக்குங்கள். இந்த ஒரு குறுக்குவழியே பலருக்குப் பாதி நிம்மதி தரும்.

வெளியே கிளம்புமுன் 'எதற்கும் ஒரு தடவை' போகும் பழக்கத்தை நிறுத்துங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், காபியைக் குறையுங்கள். மலம் கழிக்க வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் முக்காலி வையுங்கள்.

இரண்டு வாரத்தில் கசிவு குறைந்ததும் காணாமல் போகாதீர்கள், மூன்று மாதம் முடியட்டும். முடிந்தும் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் அடுத்த வழி கேளுங்கள். சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், சிறுநீர் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கில் திடீர் மரமரப்பு என்றால் பிசியோவிடம் வரவேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.