அட்டைக்கு முன்னால் காத்திருப்பு: பழைய கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி

திருப்பருத்திக்குன்றத்தில் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போடுவது என் வேலை. பார்டர், முந்தி, புட்டா எல்லாவற்றையும் திரையில் கட்டம் கட்டமாக நிரப்புகிறோம். அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டு பெட்டிக்கான அட்டையில் துளை விழுகிறது. "சிஸ்டம் ரொம்ப இழுக்குது, புதுசு வாங்கிடலாமாண்ணே?" என்று கேட்டு வரும் தம்பிகளிடம், "முதலில் டாஸ்க் மேனேஜரைத் திற" என்பேன். பிராசஸர் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டாலே போதும். மெமரி நிரம்பி வழிந்தால் ரேமையும் கூட்ட வேண்டும்.

நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு சுற்றுக்கே 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கும் இங்கும் தேடி எடுக்கிறது. நாம் காத்திருப்பது அந்தத் தேடலுக்காக. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை. தேடும் நேரம் ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பழைய மெஷினை நிமிர்த்துவது இதுதான், பெட்டிமேல் அச்சிட்ட பெரிய வேகக் கணக்கு அல்ல.

பழைய மெஷினுக்கு 2.5 அங்குல சாட்டா வகையே சரி. நொடிக்கு ஏறக்குறைய 550 எம்பி வரை படிக்கும். எம்.2 ஸ்லாட் இருந்தால், அது என்விஎம்இ ஏற்குமா, சாட்டா மட்டுமா என்று மதர்போர்டு கையேட்டில் பாருங்கள். துண்டு பொருந்துகிறது என்பதற்காக வேலை செய்யும் என்று இல்லை. என்விஎம்இ பல மடங்கு வேகம்தான். ஆனால் டிசைன் கோப்பு திறப்பதில் அந்த வித்தியாசம் கண்ணில் படாது. வேகத்துக்குக் கூடுதல் பணம் தருவதைவிட 500 ஜிபிக்குப் போங்கள். எஸ்எஸ்டியில் கியூஎல்சி வகையைவிட டிஎல்சி வகை, அதிக முறை எழுதி அழிப்பதைத் தாங்கும். கால்வாசி இடத்தைக் காலியாக விடுங்கள், டிஃபிராக் செய்யாதீர்கள்.

டிசைன்களைப் பத்திரப்படுத்துவதில்தான் எனக்குக் கவலை. ஒரு நல்ல பார்டர் பல ஆண்டுகள் கழித்தும் தறிக்குத் திரும்பி வரும். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் கரகரக்கும். எஸ்எஸ்டி சத்தமில்லாமல் ஒரே நாளில் போய்விடலாம், உள்ளதை மீட்பதும் கடினம். மின்சாரம் தராமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்தாலும் அதன் சேமிப்பு அழியக்கூடும். அதனால் கழற்றிய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் எறியாதீர்கள். யூஎஸ்பி கேஸில் போட்டு டிசைன்கள் அத்தனைக்கும் ஒரு நகல் எடுங்கள். இன்னொரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை செருகி, நாலு டிசைனைத் திறந்து பார்த்துவிட்டுக் கழற்றி வையுங்கள்.