டிஸ்டார்ஷன் போட்டால் பேஸ் எங்கே போகிறது?

கிட்டார் வாசிக்கும் தம்பியின் டியூப் ஸ்க்ரீமர் பெடலை என் பேஸ் கிட்டாருக்குப் போட்டேன். கரகரப்பு வருகிறது, ஆனால் கனமே போய்விடுகிறது. பெடல் பழுதா?

பழுதே இல்லை, தம்பியைத் திட்டாதீர்கள்! அது கிட்டாருக்கென்று செய்த பெடல். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலியைப் பெருக்குவதைக் குறைத்துக்கொண்டே வரும். உங்கள் தடித்த ஈ தந்தியோ 41 ஹெர்ட்ஸ். மேல் ஒலி உறும, அடி ஒலி பின்தங்கிவிடுகிறது.

பெடல் தொடாத சுத்தமான ஒலியையும் கூடவே கலந்து அனுப்புங்கள். பாஸ் நிறுவனத்தின் எல்எஸ்-2 என்ற இரண்டு லூப் பெடல் இருந்தால் ஒரு லூப்பில் டியூப் ஸ்க்ரீமர், மற்றதில் வெறும் பேட்ச் கேபிள். இரண்டையும் கலக்கும் நிலையில் வையுங்கள். புதிதாக வாங்குவதானால் பிளெண்ட் குமிழ் உள்ள பேஸ் பெடலே நல்லது. பாதிக்குப் பாதியில் தொடங்கி, டிரம்ஸோடு வாசிக்கும்போது சரிசெய்யுங்கள். அறையில் தனியாக வாசித்து முடிவுசெய்ய வேண்டாம்.