உன் ரத்தம்தானா அது?

அன்புள்ள பொற்கொடி,

கல்யாணத்துக்கு முன், சொந்த ரத்தத்திலிருந்து பிரித்ததை முகத்தில் செலுத்தும் 'வாம்பயர் ஃபேஷியல்' செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, "என் ரத்தம்தானே அத்தை, என்ன பயம்?" என்றும். அந்த இரண்டாம் கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டெங்கு வந்தால் வீடே "பிளேட்லெட் எவ்வளவு?" என்று கேட்குமே, அந்தத் தட்டணுதான் இந்த ஃபேஷியலிலும் முக்கியம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். காயம் பட்டால் ரத்தத்தை உறையவைப்பதோடு, தனக்குள் வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளையும் அது அங்கே கொட்டும். கொலாஜன் சுரக்கும் செல்களைத் தூண்டுபவை அவை. 1998-இல் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் தாடை எலும்பு ஒட்டுக்குத் தட்டணு செறிந்த பிளாஸ்மாவைப் பயன்படுத்தி எழுதினார். 2013-இல் கிம் கர்டாஷியன் ரத்தம் பூசிய முகத்தோடு படம் போட்ட பிறகு அழகு நிலையங்கள் பிடித்துக்கொண்டன.

கையிலிருந்து பத்து, இருபது மில்லி ரத்தம் எடுத்து, உறையாமலிருக்க மருந்து சேர்த்த குழாயில் விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவார்கள். நின்றதும் அடியில் சிவப்பணு, அதன்மேல் நூல் கனத்தில் ஒரு வெளிர் படலம், அதற்கும் மேல் வைக்கோல் நிற பிளாஸ்மா. படலத்தை ஒட்டிய பகுதியில்தான் தட்டணு அதிகம். அதை உறிஞ்சி, நுண்ணூசியால் முகத்தில் செலுத்துவார்கள். சுற்றும் வேகமும் நேரமும் இடத்துக்கு இடம் மாறுவதால் கிடைக்கும் சரக்கும் மாறும்.

பலன்? அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2018-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கன்னத்தில் இந்த பிளாஸ்மா, மறு கன்னத்தில் வெறும் உப்புநீர். எது எதுவென்று தெரியாத நிலையிலும், ஆறு மாதம் கழித்து பிளாஸ்மா போட்ட பக்கம் தேவலை என்றார்கள் போட்டுக்கொண்டவர்கள். படங்களைப் பார்த்த தோல் மருத்துவர்களுக்கோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. சிறிய சோதனைதான். ஆனால் விளம்பரத்தில் வரும் 'பத்து வயது குறையும்' பேச்சுக்குப் பதிலாக இது போதும் என்று நினைக்கிறேன்.

இனி உன் இரண்டாம் கேள்வி. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில், உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தை 2018-இல் சோதனையிட்டார்கள். சமையல் மேடையில் பெயர் ஒட்டாத ரத்தக் குழாய்கள். ஃபிரிட்ஜில் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இன்னும் சில. இழுப்பறைகளில் உறை பிரித்த சிரிஞ்சுகள். அங்கே இந்த ஃபேஷியல் செய்துகொண்ட மூன்று பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது அங்கேயாகத்தான் இருக்கக்கூடும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் அறிவித்தது. அவர்களும் தங்கள் ரத்தம் என்று நம்பித்தான் போயிருப்பார்கள்.

ஆகவே அழகு நிலையம் வேண்டாம். தோல் மருத்துவரிடம் போ. குழாயில் உன் பெயர் ஒட்டுவதைக் கண்ணால் பார். ஊசிமுனைகளை உன் எதிரிலேயே உறை பிரிக்கச் சொல். தட்டணு குறைவு, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம், முகத்தில் சீழ்ப்பரு ஏதாவது இருந்தால் ஒளிக்காமல் சொல்லிவிடு.

வழக்கமாக மாதத்துக்கு ஒன்றாக மூன்று தடவை போடுவார்கள். செய்த சில நாள் முகம் சிவந்து வீங்கியிருக்கும். உனக்கு முகூர்த்தத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. ஆகவே இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். புடவை எடுக்க வெயிலில் அலையும்போது சன்ஸ்கிரீன் போட்டுக்கொள், கண்ணு.

அன்புடன்,
அத்தை