கணினியும் ஓர் அமானிதமே

முற்காலத்தில் நம் வியாபாரிகளின் பேரேடு கல்லாப்பெட்டியின் அருகே இருந்தது. இரவில் கடையடைக்கும்போது அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம். இன்று அப்பேரேடு வீட்டுக் கணினிக்குள் குடிபுகுந்துவிட்டது. மலேசியாவில் 2024 ஆகஸ்டு முதல் மின் விலைப்பட்டியல் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளது. சிங்கப்பூரிலும் வரிக் கணக்கு இணையத்தின் வழியாகவே செல்கிறது. ஆனால் அந்தப் பேரேட்டுக்குப் போட்ட பூட்டை இந்தக் கணினிக்குப் போட்டிருக்கிறோமா என்று நாம் ஒவ்வொருவரும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரத்துல் பகராவின் 282ஆம் ஆயத்து விரிவாகப் போதிக்கிறது. எழுதி வைத்தால் மட்டும் போதுமா? எழுதியதைக் காப்பாற்றவும் வேண்டுமல்லவா? நம் கணக்கில் இருப்பது நம் பணம் மட்டுமன்று. சரக்குக் கொடுத்தவரின் பாக்கி, கடனுக்கு வாங்கியவரின் பெயர், சிப்பந்திகளின் அடையாள அட்டை எண், சங்கத்தின் சந்தாப் பட்டியல் யாவும் அதில் அடங்கும். இவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவற்றைத் திருடனுக்குத் திறந்து வைப்பது நமக்கு மட்டும் நேரும் நஷ்டமல்ல.

இனி, எதிரி யார் என்று அறிவோம். வைரஸ் என்பது நோய்க்கிருமியன்று. தீய நோக்குடன் எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பு. ஒரு கோப்பில் ஒட்டிக்கொண்டு, அது போகுமிடமெல்லாம் போய்த் தன்னைப்போல் பல பிரதிகளை உண்டாக்கும். ஐ.பி.எம். வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் 1986இல் லாகூர் நகரில் கணினிக் கடை நடத்திய இரு சகோதரர்களிடமிருந்து புறப்பட்டது. தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக அவர்கள் கூறினர். ஆயினும் அது கடல் கடந்து சம்பந்தமில்லாதவர்களின் தட்டுகளிலும் புகுந்தது. ஏவியவர் கையைவிட்டு ஓடிவிடும் தன்மை அதற்கு உண்டு.

ஸ்பைவேர் என்பது உளவாளி. அது எதையும் உடைக்காது, சத்தமும் செய்யாது. நாம் தட்டும் எழுத்துகளைப் பதிந்து, வங்கிக் கடவுச்சொல்லை அந்நியனுக்கு அனுப்பும். பிறர் அந்தரங்கத்தைத் துருவி ஆராய்வதைச் சூரத்துல் ஹுஜுராத் தடுத்திருக்கிறது. அத்தகைய செயலுக்கு நம் அலட்சியம் வழிவிடலாகாது.

மூன்றாவது வகை மிகக் கொடியது. அது நம் கோப்புகளை நம்மாலேயே திறக்க முடியாதபடி பூட்டிவிட்டுப் பணயத்தொகை கேட்கும். 2017 மே 12ஆம் நாள் பரவிய வான்னாக்ரை அவ்வகையைச் சேர்ந்தது. யாரும் எதையும் திறக்காமலே வலைத்தொடர்பின் வழியே கணினிக்குக் கணினி தாவியது. பூட்டைத் திறக்க 300 அமெரிக்க டாலர் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே வேலை செய்ய முடியாமல் திணறின. இதில் நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது! திருத்தத்தை ஏற்றியவர் பிழைத்தார். பிறகு பார்க்கலாம் என்றிருந்தவர் அகப்பட்டார்.

ஆகவே செய்யவேண்டியவற்றை ஒழுங்காகக் காண்போம்.

முதலாவது: கணினி கேட்கும் திருத்தங்களை உடனே ஏற்ற வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுவிட்டன. அதை வைத்திருப்போர், தம் கணினி விண்டோஸ் 11ஐத் தாங்குமா என்று விசாரித்து மாறிக்கொள்வது நலம்.

இரண்டாவது: விண்டோஸுடன் வரும் டிபெண்டர் என்னும் காவலாளியை அணைத்து வைக்கலாகாது. அதற்குத் தனி விலை இல்லை. அதே சமயம், “உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்” என்று திரையில் திடீரெனத் தோன்றும் அறிவிப்பை நம்பலாகாது. அழைத்தால், உதவுவதாகச் சொல்லி நம் கணினியைத் தன் வசப்படுத்திக்கொள்வான்.

மூன்றாவது: திருட்டு மென்பொருள் வேண்டாம். விலை கொடுத்து வாங்கவேண்டிய கணக்கு மென்பொருளைப் பூட்டுடைத்து இலவசமாகத் தருகிறவன் தர்மவான் அல்லன். அதற்குள் உளவாளியை வைத்தனுப்புவது பலரின் வழக்கம். நம் கடைச் சரக்கை ஒருவன் தூக்கிக்கொண்டு போனால் நாம் பொறுப்போமா? பிறர் உழைப்பையும் அவ்வாறே கருதுவோம்.

நான்காவது: கடிதத்துடன் வரும் இணைப்பை ஆராயாமல் திறக்கலாகாது. 2000 மே மாதத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய வைரஸ் காதல் கடிதம்போல் வேடமிட்டுத்தான் உலகைச் சுற்றியது. எழுத்துக் கோப்புப்போல் தோன்றிய அதன் பெயரின் கடைசிப் பகுதி மறைந்திருந்ததே மக்கள் ஏமாந்த காரணம். நமக்கு வருவது விலைப்பட்டியல், கப்பல் ரசீது என்ற வேடத்தில் வரும். ஐயம் தோன்றினால் அனுப்பியவரின் பழைய எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். கடிதத்திலுள்ள எண்ணுக்கு அல்ல!

ஐந்தாவது: பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு திறந்து கொடுங்கள். புதிய மென்பொருளை ஏற்றும் அதிகாரம் அக்கணக்கில் இருக்கலாகாது. விளையாட்டுக்காகப் பிள்ளை இறக்கும் ஒன்று தகப்பனாரின் பேரேட்டைத் தொடாதிருக்க இது உதவும். கணினியைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் வங்கிக் கடவுச்சொல்லை எழுதி ஒட்டிக் கொடுக்கலாகாது.

ஆறாவது: பிரதி எடுத்து வையுங்கள். வாரந்தோறும், உதாரணமாக வியாழன் இரவில், கணக்கைத் தனி ஹார்ட் டிஸ்கில் பதிந்து, உடனே அதைக் கழற்றிப் பெட்டகத்தில் வையுங்கள். செருகியபடியே விட்டால் பணயக்காரன் அதையும் பூட்டிவிடுவான். இன்னொரு பிரதி வேறிடத்தில் இருக்கட்டும். பிரதி திறக்கிறதா என்று இடையிடையே சோதிப்பதும் அவசியம்.

இவ்வளவுக்குப் பிறகும் தீங்கு நேர்ந்தால் பதற்றம் வேண்டாம். முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். அக்கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். வேறொரு நல்ல கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, வங்கியை அழையுங்கள். பணம் போயிருந்தால் மலேசியாவில் 997 என்ற எண்ணுக்கும் உடனே சொல்லலாம். சிங்கப்பூரில் எது மோசடி என்று ஐயம் வந்தால் 1799ஐக் கேட்கலாம். போலீஸ் புகாரும் அவசியம். வெட்கப்பட்டு மறைப்பது திருடனுக்குத்தான் உதவி. கேள்விப்பட்டால் அடுத்த கடைக்காரரும் எச்சரிக்கையாவார்.

பணயத்தொகை கொடுத்தால் கோப்பு திரும்பும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. திருடனின் வாக்குறுதியை நம்புவதைவிட, பெட்டகத்திலுள்ள பிரதியை நம்புவதே புத்தி.

தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிய பின் வைக்கும் நம்பிக்கை என்பதை நாம் சிறு வயதிலேயே மதரஸாவில் கற்றோம். கயிற்றை முதலில் கட்டுவோம். வல்ல நாயன் நம் பொருளையும், நம்மை நம்பியவர்களின் பொருளையும் காத்தருள்வானாக! ஆமீன்.