கேம்ஸ் தளங்களில் பொது சாட் அறை: மூட வேண்டுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் வாரத்திலேயே நடக்கும் வேலை ஒன்று உண்டு. "படிப்புக்காகத்தான் வாங்கியது" என்று பெரியவர்கள் சொல்லிக் கொண்டிருக்கும்போதே, பிள்ளைகள் இன்டர்நெட்டில் ஏதாவது ஒரு கேம்ஸ் தளத்தைத் திறந்து விளையாடத் தொடங்கியிருப்பார்கள். அதில் தவறில்லை. மவுஸ் பிடித்துப் பழக விளையாட்டு நல்ல வழிதான். ஆனால் அந்த விளையாட்டுத் திரையின் ஓரத்தில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் எழுதும் வரிகள் அதில் ஓடிக் கொண்டே இருக்கும். அதுதான் பொது சாட் அறை. கேம்ஸ் தளங்கள் இதை எடுத்துவிட வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் இந்த மாதப் பாடம்.

இந்தக் கேள்வி எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எழுமலையில் நடந்தது

நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மதுரை மாவட்டம் எழுமலை. சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் புது லேப்டாப்பில் கேரம் விளையாடிக் கொண்டிருந்தான். ஒரு கையில் மவுஸ், மறு கையில் அக்காவின் செல்போன். "விளையாடும்போது போன் எதுக்குடா?" என்று கேட்டேன்.

"ஒரு அண்ணன் அஞ்சாயிரம் காயின் கிப்ட் தர்றாராம் மாமா. அம்மா போனுக்கு ஒரு நம்பர் வருமாம். அதைச் சொன்னாப் போதுமாம்" என்றான்.

போனை வாங்கிப் பார்த்தேன். ஆறு இலக்க ஓ.டி.பி. எண் வந்திருந்தது. நல்லவேளையாக அவன் அதை இன்னும் டைப் செய்யவில்லை. அக்காவின் வங்கிக் கணக்கும், அக்கா பொறுப்பில் இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கும் அந்த போன் நம்பரில்தான் இணைக்கப்பட்டிருக்கின்றன. பதினைந்து குடும்பங்களின் சேமிப்பு அது.

பிறகு அந்த உரையாடலை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். தொடக்கம் பொது அறையில். "எந்த ஊர்?" என்று கேட்டதற்கு, "எழுமலை, மதுரைப் பக்கம்" என்று இவன் பதில் சொல்லியிருக்கிறான். "என்ன படிக்கிற?" "எட்டாவது." இந்த இடத்தில் வேறு யாரோ ஒருவர் குறுக்கே வந்து, "தம்பி, ஊர்ப் பேரெல்லாம் இங்க சொல்லாதே" என்று எழுதியிருந்தார். அடுத்த நிமிடமே அந்த 'அண்ணன்' இவனைத் தனிச் செய்திக்கு அழைத்துக் கொண்டு போய்விட்டார். காயின் பேச்சும் போன் நம்பர் பேச்சும் அங்கேதான் நடந்திருக்கின்றன. அங்கே எச்சரிக்கை செய்ய ஆள் இல்லை.

"இந்த இழவே வேணாம் தம்பி. இன்டர்நெட்டப் புடுங்கி விட்டுரு" என்றார் அக்கா. பையன் அழத் தொடங்கிவிட்டான். அவனோடு ஏழாம் வகுப்பு வரை படித்த நண்பன் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டான். இருவரும் தினமும் சந்தித்துப் பேசுவது இந்த கேரம் மேசையில்தான். அக்காவின் பயமும் நியாயம், பையனின் அழுகையும் நியாயம். அன்று இரவு முழுவதும் இதைப் பற்றித்தான் யோசித்துக் கொண்டிருந்தேன்.

மூன்று வகைப் பேச்சு

புதியவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேம்ஸ் தளங்களில் 'சாட்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வசதிகள் உள்ளன.

1. பொது அறை: 'லாபி', 'குளோபல் சாட்' என்றும் சொல்வார்கள். தளத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், படிக்கலாம். நம் ஊர் பஸ் ஸ்டாண்டு போல.

2. மேசைப் பேச்சு: ஒரே ஆட்டத்தில் சேர்ந்து விளையாடுபவர்கள் மட்டும் பேசிக் கொள்வது. ஆட்டம் முடிந்ததும் பெரும்பாலும் பேச்சும் முடிந்துவிடும்.

3. தனிச் செய்தி: இருவர் மட்டும் பேசுவது. மூன்றாம் ஆள் கண்ணில் படாது. இங்கிருந்து வாட்ஸ்அப் போன்ற வேறு இடங்களுக்கு அழைத்துப் போவதும் எளிது.

எங்கள் வீட்டில் நடந்ததை இதில் பொருத்திப் பாருங்கள். அந்த ஆள் பையனைக் கண்டுபிடித்தது பொது அறையில். ஏமாற்றப் பார்த்தது தனிச் செய்தியில்.

முன்பே மூடிப் பார்த்தவர்கள்

இந்தக் கேள்வி புதிதல்ல. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எம்.எஸ்.என். தளம் 2003 அக்டோபரில் ஐரோப்பா, லத்தீன் அமெரிக்கா, ஆசியாவின் பல நாடுகளில் தன் சாட் அறைகளை மூடியது. குப்பை விளம்பரங்களையும், குழந்தைகளைத் தேடி வரும் தவறான ஆட்களையும் அது காரணமாகச் சொன்னது. "இங்கே மூடினால் கண்காணிப்பே இல்லாத இடங்களுக்குத்தான் போவார்கள்" என்று அப்போதே சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

யாகூ தளத்தில் பயனாளர்களே அறைகளை உருவாக்கிக் கொள்ளும் வசதி இருந்தது. அவற்றில் சில அறைகள் சிறுவர்களைக் குறிவைத்தே நடப்பது வெளியே தெரிந்ததும் விளம்பரம் கொடுத்த கம்பெனிகள் விலகத் தொடங்கின. 2005 ஜூனில் யாகூ அந்த அறைகளை மூடியது. மீதியிருந்த பொது சாட் வசதியும் 2012 டிசம்பரோடு முடிவுக்கு வந்தது.

விளையாட்டு உலகில் 'கிளாஷ் ஆப் கிளான்ஸ்' பலருக்குத் தெரிந்த பெயர். அதை நடத்தும் சூப்பர்செல் நிறுவனம் 2019இல் குளோபல் சாட் வசதியை எடுத்துவிட்டது. ஒரே குழுவில் இருப்பவர்கள் பேசிக் கொள்ளும் வசதியை மட்டும் வைத்துக் கொண்டது. விளையாட்டு நின்றுவிடவில்லை. பொது அறை இல்லாமலும் ஒரு விளையாட்டு நன்றாக நடக்கும் என்பதற்கு இது சான்று.

பில்டர் இருக்கிறதே, போதாதா?

கெட்ட வார்த்தைகளைத் தடுக்க 'வேர்டு பில்டர்' உண்டே என்று கேட்கலாம். அது வேலை செய்யும் விதம் எளிமையானது. தடை செய்ய வேண்டிய சொற்களின் பட்டியல் ஒன்று இருக்கும். யாராவது ஒரு வரியை அனுப்பியதும், அதில் உள்ள சொற்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று புரோகிராம் தேடும். இருந்தால் அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகளைப் போட்டு மறைக்கும்.

நம்மவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் டைப் செய்பவர்கள். 'வாழைப்பழம்' என்ற சொல்லையே எடுத்துக் கொள்ளுங்கள். 'வா'வுக்கு ஒரு ஏ போடுபவர் உண்டு, இரண்டு போடுபவர் உண்டு. 'ழ'வுக்கு எல் போடுபவர் உண்டு, இசட் எச் போடுபவர் உண்டு. இப்படி ஒரே சொல் பத்து வடிவங்களில் வரும். திட்டும் சொற்களும் அப்படித்தான். நடுவில் ஒரு புள்ளியோ இடைவெளியோ விட்டால் போதும், எளிய பில்டர் ஏமாந்துவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவு கொண்டு முழு வாக்கியத்தையும் படிக்கும் பில்டர்கள் வந்துள்ளன. அவையும் தவறுவது உண்டு.

அதைவிட முக்கியமானது, "எந்த ஊர்? என்ன படிக்கிற?" என்ற வரிகளில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை என்பது. இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

நம் நாட்டில் நடந்தவை

2025 அக்டோபரில் மும்பையில் நடந்த சைபர் விழிப்புணர்வு நிகழ்ச்சியில் நடிகர் அக்ஷய் குமார் தன் வீட்டில் நடந்ததைச் சொன்னார். அவருடைய 13 வயது மகள் ஆன்லைனில் விளையாடியபோது, கூட விளையாடிய ஆள் முதலில் ஆணா, பெண்ணா என்று கேட்டிருக்கிறார். பெண் என்றதும் ஆடையில்லாத படம் அனுப்பச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் விளையாட்டை நிறுத்திவிட்டு உடனே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் சொல்லலாம் என்ற தைரியம்தான் அவளைக் காப்பாற்றியது.

தமிழ்நாட்டில் 'பப்ஜி மதன்' என்று அறியப்பட்ட யூடியூபர் விவகாரம் நினைவிருக்கலாம். விளையாட்டை நேரலையில் காட்டிக் கொண்டே பெண்களைப் பற்றி ஆபாசமாகப் பேசினார் என்ற புகாரில் 2021 ஜூனில் தருமபுரியில் அவர் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதம் குண்டர் சட்டமும் பாய்ந்தது. பப்ஜி மொபைல் விளையாட்டை மத்திய அரசு 2020 செப்டம்பரிலேயே தடை செய்திருந்தது என்பதைக் கவனியுங்கள். விளையாட்டுக்குத் தடை வந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை.

பணம் வைத்து விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்திய சட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. காசில்லாமல் விளையாடும் கேரமும் அதன் ஓரத்து சாட் பெட்டியும் அந்தத் தடைக்குள் வருவதில்லை. அதைக் கவனிப்பது நம் வேலையாகவே இருக்கிறது.

பேசவும் வேண்டும், பயமும் கூடாது

இதற்கு வழியே இல்லையா? உண்டு. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது உசிலம்பட்டியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவேன். அங்கிருந்த விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் 'இன்டர்நெட் செக்கர்ஸ்' என்ற விளையாட்டு உண்டு. எதிரில் விளையாடுபவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது. அவரோடு பேசலாம், ஆனால் நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது. "நன்றாக விளையாடினீர்கள்", "உங்கள் முறை" என்பது போன்ற ஆயத்த வரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அது அவருடைய மொழியில் அவருக்குப் போய்ச் சேரும். சாட் வேண்டாம் என்றால் ஒரே கிளிக்கில் நிறுத்தியும் விடலாம். இந்த விளையாட்டின் சர்வர்களை மைக்ரோசாப்ட் 2019இல் நிறுத்திவிட்டது. ஆனால் அந்த முறை இன்றும் பல விளையாட்டுகளில் இருக்கிறது.

இன்னொன்று, 'லீக் ஆப் லெஜண்ட்ஸ்' விளையாட்டில் செய்து பார்த்த சோதனை. எதிர் அணியுடன் பேசும் சாட் வசதியை நீக்கவில்லை. தொடக்கத்தில் அணைந்திருக்கும்படி மட்டும் மாற்றினார்கள். வேண்டுபவர் செட்டிங்ஸில் போய் ஆன் செய்து கொள்ளலாம். ஒரு வாரத்தில் மோசமான பேச்சு 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நல்ல பேச்சு 30 சதவீதத்துக்கும் மேல் கூடியது. பேச விரும்புகிறவர்கள் மட்டும் தேடிப் போய்த் திறந்ததால் வந்த மாற்றம் இது.

என் முடிவு

சிறுவர்கள் வரும் கேம்ஸ் தளங்களில் பொது அறை தொடக்கத்தில் மூடியே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அதை மட்டும் மூடிவிட்டுத் தனிச் செய்தியைத் திறந்து வைத்தால் பயன் இல்லை. பொது அறையில் "ஊர்ப் பேரைச் சொல்லாதே" என்று எச்சரிக்க ஒரு நல்லவராவது இருந்தார். தனிச் செய்தியில் அவரும் இல்லை. எனவே முதலில் மூட வேண்டியது முன்பின் தெரியாதவரிடமிருந்து வரும் தனிச் செய்தியை. அடுத்தது பொது அறை. தெரிந்த நண்பர்களுடன் மேசைப் பேச்சு இருக்கட்டும். ரோப்லாக்ஸ் போன்ற பெரிய தளங்கள் 13 வயதுக்கு உட்பட்டவர்களின் தனிச் செய்திக்கு 2024இல் கட்டுப்பாடு கொண்டு வந்தன. எல்லாத் தளங்களும் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், பேமிலி என்று வரிசையாகச் செல்லவும். பிறந்த தேதியை உண்மையாகவே கொடுக்கவும். வயதைக் கூட்டிக் கொடுத்தால் சிறுவர்களுக்கான பாதுகாப்பு வேலை செய்யாது.

2. ஒவ்வொரு விளையாட்டிலும் செட்டிங்ஸ் திறந்து சாட், பிரைவசி, சோஷியல் ஆகிய பெயர்களில் உள்ள பகுதியைத் தேடுங்கள். 'எவரிஒன்' என்று இருப்பதை 'பிரண்ட்ஸ்' அல்லது 'நோ ஒன்' என்று மாற்றவும். தனிச் செய்திக்கும் குரல் சாட்டிற்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருக்கலாம்.

3. விளையாட்டுப் பெயரில் சொந்தப் பெயர், ஊர், பள்ளி, பிறந்த வருடம் வேண்டாம்.

4. கம்ப்யூட்டரை எல்லோரும் நடமாடும் அறையில் வையுங்கள்.

5. போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொல்லக் கூடாது என்பதைப் பிள்ளைக்குக் காரணத்தோடு விளக்குங்கள்.

6. தவறு நடந்துவிட்டால் உரையாடலை அழிக்காதீர்கள். விண்டோஸ், ஷிப்ட், எஸ் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்திப் படம் எடுத்துச் சேமித்த பிறகு, அந்த ஆளை 'ரிப்போர்ட்' செய்து 'பிளாக்' செய்யவும். பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு போன் செய்யவும். குழந்தைக்குத் தொல்லை என்றால் 1098. குழந்தைக்கு ஆபாசச் செய்தி அனுப்புவது போக்சோ சட்டப்படியும் குற்றம்.

7. நடந்ததை வந்து சொன்ன பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டான்.

இவற்றை எங்கள் வீட்டில் செய்து முடிக்கப் பதினைந்து நிமிடம்தான் ஆனது. இன்டர்நெட்டைப் பிடுங்கவில்லை. பொது அறையும், தெரியாதவர்களின் தனிச் செய்தியும் மூடியாகிவிட்டது. திருப்பூர் நண்பனோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கேரம் நடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து அக்காவும் இப்போது ஒரு ஆட்டம் போடுகிறார்.

இன்று மாலை உங்கள் பிள்ளை விளையாட உட்காரும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்து, இரண்டாவது குறிப்பை முதலில் செய்து பாருங்கள்.