பங்கசுகள் தரும் கொழுப்புச் சேர்வைகளும் புற்றுநோய்க் கலங்களும்

கந்தளாய் வயல்வரம்புகளிற் கோரை மண்டிக் கிடப்பதை நாம் அறிவோம். உழவர் அதனைக் களையெனப் பிடுங்குவர். சித்த மருத்துவர் அதன் கிழங்கை முத்தக்காசு எனப் போற்றுவர். அக்கிழங்கினுள்ளே ரைசொக்ரோனியா சொலானி என்னும் பங்கசு வாழ்வதுண்டு. நெற்பயிரின் இலைமடலைக் கருகச் செய்வதும் இவ்வினமே. இலங்கை, கனடா நாட்டு ஆய்வாளர், கோரைக்கிழங்கிற் பெற்ற இப்பங்கசிலிருந்து சொலனியோயிக் அமிலம் என்னும் புதிய ஸ்ரெரொயிட்டுச் சேர்வையைப் பிரித்து, அது பற்றீரியாக்களைத் தடுப்பதை 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஸ்ரெரொயிட்டுகள் கொழுப்பினத்தைச் சேர்ந்தவை. பங்கசுகள் தரும் இவ்வினச் சேர்வைகள் புற்றுநோய்க் கலங்களையும் தடுக்குமா என்பதை ஈண்டு நோக்குவோம்.

நம் உடற்கலங்களின் மென்சவ்வில் கொலஸ்ரெரோல் உள்ளது. பங்கசுகளின் மென்சவ்வில் அதற்கு ஈடாக எர்கொஸ்ரெரோல் உள்ளது. இதனை 1889இல் பிரெஞ்சு அறிஞர் தன்ரே என்பார் முதலிற் பிரித்தெடுத்தார். எர்கொஸ்ரெரோலுடன் ஒட்சிசன் சேர்ந்த எர்கொஸ்ரெரோல் பெரொட்சைட்டு, பல காளான்களிற் காணப்படுகிறது. ஆய்வுக்கூடத்திலே வளர்க்கப்பட்ட பலவகைப் புற்றுநோய்க் கலங்களின் பெருக்கத்தை இது குறைத்துள்ளது. சில கலங்களைத் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளவும் தூண்டியுள்ளது.

இச்சோதனையில் மாணவர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கொழுப்பு நீரிற் கரையாது. ஆதலின் சேர்வையை மதுசாரம் போன்றதொரு கரைப்பானிற் கரைத்தே கலங்களுக்கு இடுவர். கலங்கள் மடிந்தால், மடித்தது சேர்வையா, கரைப்பானா? இதனை அறிய, ஒரு தட்டுக்குக் கரைசலையும், மற்றொன்றுக்கு அதே அளவு கரைப்பானை மட்டும் இடுவர். மூன்றாவதற்கு ஒன்றும் இடார். நலமுள்ள கலங்களையும் அவ்வாறே சோதித்தல் வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கொல்வது நஞ்சேயன்றி மருந்தன்று.

தட்டிற் கண்ட வெற்றி உடலிற் கண்ட வெற்றியாகாது. தட்டிலே சேர்வை கலத்தை நேரே தொடுகிறது. உண்ட காளானின் சேர்வையோ சமிபாட்டுக்குத் தப்பி, ஈரலைக் கடந்து, குருதிவழியே கட்டியை அடைதல் வேண்டும். அதற்குள் எவ்வளவு எஞ்சும்? விலங்குகளிலும் பின்னர் மனிதரிலும் முறையாகச் சோதித்தே இதனைத் துணிய இயலும். எர்கொஸ்ரெரோல் பெரொட்சைட்டு இன்றளவும் புற்றுநோய் மருந்தாக ஏற்கப்படவில்லை.

இதனை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. புற்றுநோய் கண்ட வீட்டிற்குக் காளான் பொடியை எவரேனும் அன்போடு கொண்டுவரலாம். அதனை நம்பி வைத்தியசாலைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், அந்த இடைவெளியிற் கட்டி வளர்ந்துவிடும். மழைக்குப் பின் முளைக்கும் காட்டுக்காளான்களுள் உயிர்கொல்லும் நஞ்சுடையனவும் உள. கோரைக்கிழங்கினுள்ளும் புதுமை காணும் ஆராய்ச்சியாளர் நம் மாவட்டத்திலும் தோன்றுக. அதுவரை, சோதனைத் தட்டுக்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையிலுள்ள தூரத்தை அயலாருக்கு எடுத்துரைத்தல், நம் கல்லூரியில் விஞ்ஞானங் கற்றுச் சென்றோர் அனைவரின் கடனாகும்.