வீட்டுத் தோட்டத்துப் பட்சிகளின் வருஷ ஜாபிதா

குடியானவர் தம் நிலத்துக்குக் கணக்கு வைப்பது வழக்கம். விதை இவ்வளவு, எரு இத்தனை வண்டி, ஆள் கூலி இவ்வளவு, கண்ட மகசூல் இவ்வளவு என்பன நோட்டில் ஏறிவிடும். மழை பெய்த நாளையும் அதன் அளவையும் குறித்து வைக்கும் நிலச்சுவான்தார்களும் உண்டு. ஆனால் அந்த நிலத்திலேயே வருஷம் முழுதும் கூலியின்றிப் புழு பொறுக்குவனவும், சில சமயம் கேளாமலே கதிரில் பங்கு கொள்வனவுமாகிய பட்சிகளுக்குக் கணக்கு வைப்போர் மிகச் சிலரே.

கணக்கின்மையால் வரும் குறை எத்தகையது என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகைச் சொல்லலாம். முற்காலத்தில் மாடு இறந்தால் ஊர்ப்புறத்தில் போட்டுவிடுவர். கழுகுகள் கூடிச் சில நாழிகைக்குள் எலும்பை மட்டும் மிச்சம் வைக்கும். 1990க்குப் பின் பத்துப் பதினைந்து வருஷங்களுக்குள் அவை நாட்டின் பெரும்பகுதியில் மறைந்தன. எந்த வருஷத்தில் கடைசியாகக் கண்டீர்கள் என்று ஒரே ஊரில் மூன்று முதியோரைக் கேட்டால் மூன்று விதமான விடை கிடைக்கும். எழுதி வைத்தவர் இல்லை. ராஜஸ்தானத்தில் பரத்பூரை அடுத்த கேவலாதேவ் சரணாலயத்திலோ கழுகுகளையும் அவற்றின் கூடுகளையும் பல வருஷங்கள் எண்ணி வைத்திருந்தனர். ஆகையால் அவை குறைந்து வருவது அங்கே எண்களால் புலப்பட்டது. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து பிணத்தில் தங்கி, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004இல் வெளியாயிற்று. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தை உபயோகிப்பது இந்தியாவில் தடுக்கப்பட்டது. அசிக்ளோபினாக், கீட்டோபுரோபன் என்னும் இரண்டும் 2023இல் அவ்வாறே விலக்கப்பட்டன. தமிழ்நாட்டில் இப்போது கழுகுகள் பெரும்பாலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய காடுகளிலேயே எஞ்சியுள்ளன. ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருந்திருந்தால் கழுகு பிழைத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அது வரவில்லை என்பதை ஊரார் அந்த வருஷத்திலேயே அறிந்திருப்பர்.

ஜாபிதா எழுதுவதற்குக் கருவி அதிகம் வேண்டுவதில்லை. கோடிட்ட நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று, தொலைநோக்கி இருந்தால் நலம். வீட்டுத் தோட்டத்தின் எல்லையை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். கிணற்றடி, மாட்டுக் கொட்டகை, கொல்லை, வேலியோரம் ஆகியவற்றில் தங்கிய பட்சி ஒரு வகை. ஆகாயத்தில் கடந்து சென்றது வேறு வகை. இரண்டையும் கலந்து எழுதலாகாது. கண்ணுக்குப் புலப்படாமல் குரலால் மட்டும் அறிந்ததற்கும் தனி அடையாளம் இட வேண்டும். ஒவ்வொரு பட்சிக்கும் முதலில் கண்ட தேதி, கடைசியில் கண்ட தேதி, தின்றது யாது, கூடு கட்டியதா என்னும் நான்கு பத்திகள் போதும். தின்றது யாது என்பதைக் கண்ணால் கண்டால் மட்டுமே எழுத வேண்டும், அனுமானம் உதவாது.

பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. காலையில் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், எத்தனை நாள் அவ்வாறு உட்கார்ந்தோம் என்பதும் நோட்டில் இருக்க வேண்டும். நாள்தோறும் பார்த்த வருஷத்தில் அறுபது பெயரும், வாரம் ஒரு முறை பார்த்த வருஷத்தில் நாற்பது பெயரும் வந்தால், பட்சி குறைந்தது என்று கொள்ளலாகாது. குறைந்தது பார்த்தவர் உட்கார்ந்த நாட்களே.

வருஷத்தை எந்த மாதத்தில் தொடங்குவது என்பதும் யோசிக்கத்தக்கது. ஜனவரியில் தொடங்குவோர் மிகுதி. சித்திரையில் தொடங்குவோரும் உளர். ஆனால் வடக்கேயிருந்து வரும் பட்சிகள் பெரும்பாலும் ஆவணி புரட்டாசியில் வந்து பங்குனி சித்திரையில் திரும்புவன. ஜனவரி முதல் தேதியில் கணக்கைத் தொடங்கினால் ஒரே பருவம் இரண்டு வருஷங்களில் சிதறிப்போம். சித்திரையிலோ, கடைசியாகப் புறப்படும் சில பட்சிகள் புது வருஷத்து வரவாக எழுதப்பட்டுவிடும். ஆடி மாதப் பிறப்பில் தொடங்குவதே குடியானவருக்கு ஏற்றது. அப்போது விருந்துப் பட்சிகள் அநேகமாக இரா. ஆடிப் பட்டத்து விதைப்பும் அதே சமயத்தில் வருவதால் வயல் கணக்கும் பட்சிக் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும். தேதியை மட்டும் ஆங்கிலக் கணக்கிலும் எழுதிவைத்தால் பிறர் ஜாபிதாவோடு ஒத்துப்பார்க்கலாம்.

பெயரில் தடுமாற்றம் நேரும். கரிச்சான், வலியன், இரட்டைவால் குருவி என்பன ஒரே பட்சிக்கு ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்கள். ஒரு பட்சியை இரண்டாக எழுதிவிடுவதும் உண்டு. கரிய ஆண் குயிலும் புள்ளிகள் நிறைந்த பெண் குயிலும் வெவ்வேறு எனப் புதியவர் எண்ணுவர். உழவு மாட்டின் பின்னே நடக்கும் உண்ணிக்கொக்கு சாதாரணமாக வெள்ளையாயிருந்து, கூடு கட்டும் பருவத்தில் தலையும் கழுத்தும் பொன்னிறம் பெறும். இப்படிச் சந்தேகம் வந்தால் உள்ளூர்ப் பெயரை எழுதி, அளவு, அலகு, வால், நிறம் ஆகியவற்றைப் பக்கத்தில் குறிப்பது போதும்; பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். சாலிம் அலி 1941இல் வெளியிட்ட இந்தியப் பட்சிகளைப் பற்றிய நூல் பல பதிப்புகள் கண்டு இன்றும் இதற்குப் பயன்படுகிறது.

இரண்டு மூன்று வருஷ ஜாபிதா சேர்ந்தபின் தின்றது யாது என்னும் பத்தியே சாகுபடிக்கு அதிகம் உதவுவதாகும். கரிச்சான் உயரமான கொம்பில் அமர்ந்து பறக்கும் அந்துப்பூச்சியைப் பிடிக்கும் ஆதலின், மரமில்லாத வயலில் குச்சிகளை நட்டு அதற்கு இருக்கை அமைப்பர். கதிர் பால் பிடிக்கும்போது அவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் தானியந் தின்னிகள் வந்து அமரும். ஆனால் தானியந் தின்னி என்று தூற்றப்படும் தூக்கணாங்குருவியும் தன் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையே மிகுதியும் ஊட்டுகிறது. மாரிக் காலத்தில் பெருங்கூட்டமாக வரும் சூறைக்குருவியும் அவ்வாறே இரு பக்கமும் கணக்குடையது. அது வெட்டுக்கிளியையும் தின்னும், சோளக் கதிரையும் உதிர்க்கும். முன் இரண்டு வருஷங்களில் அது வந்த தேதி நோட்டில் இருக்குமாயின், காவலுக்கு ஆள் வைக்க வேண்டிய வாரத்தை ஒருவாறு தீர்மானிக்கலாம்.

கூகையின் கணக்கு இன்னும் எளிது. அபசகுனம் என்று அதை விரட்டுவோர், அது தங்கும் பரணின் அடியில் கிடக்கும் கரிய உருண்டைகளைப் பார்ப்பதில்லை. சீரணமாகாத மயிரையும் எலும்பையும் கூகை உருண்டையாகக் கக்கிவிடுகிறது. அதை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலியின் மண்டை ஓடுகள் கையில் கிடைக்கும். எண்ணி நோட்டில் எழுதலாம். எலி விஷம் வைத்த வயலை அடுத்துக் கூகை காணப்படாவிட்டால் அதையும் தேதியோடு குறிக்க வேண்டும். விஷமுண்ட எலியைத் தின்று அதுவும் மாளக்கூடும்.

கிராம அதிகாரிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது மயில். முன்பு காணப்படாத பல இடங்களில் இப்போது அது மிகுந்துவிட்டது. நிலக்கடலையும் காய்கறி நாற்றும் சேதமாவதாகக் குடிகள் முறையிடுகின்றனர். 1963 முதல் தேசியப் பட்சியாகவும், 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டதாகவும் உள்ளமையால் அதற்கு விஷம் வைப்பது குற்றமாகும். மனக்கொதிப்பில் விஷ தானியம் தூவியவர் வழக்கில் சிக்குவதோடு, அவர் தோட்டத்துப் புறாவும் கோழியும் மாளும். முறையீட்டுக்கு வலுவூட்டுவது, மயில் அந்நிலத்தில் முதலில் தோன்றிய வருஷம், ஒரே வேளையில் கண்ட எண்ணிக்கை, எந்தப் பயிரில் எந்தப் பருவத்தில் இறங்கியது என்னும் எழுத்துமூலமான குறிப்பே. ஏராளம் என்று வாயால் சொல்வதை அதிகாரிகள் எங்கே பதிவது?

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்கள் பட்சிக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிஷமாவது நின்று, கண்ட பட்சிகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் எழுதுவது அதன் முறை. தோட்டத்து ஜாபிதா வைத்திருப்பவர் அந்த நாட்களின் பக்கத்தை மட்டும் பிரதி செய்து கொடுத்தால் போதும். மூல நோட்டு, நிலப் பத்திரங்களோடு வீட்டிலேயே இருக்க வேண்டியது.